காதுக்குத் தெரிந்ததைக் கணக்கில் படிப்பது

கணினிக்குள் போன ஒலி வெறும் எண்வரிசை. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு செகண்ட் பாட்டு என்பது இடது காதுக்கு 44,100 எண்கள், வலது காதுக்கு இன்னொரு 44,100. அந்த எண்களைப் பெருக்கி, கூட்டி, முன்னே வந்ததைப் பின்னே வருவதோடு கலந்து செய்யக்கூடிய எல்லாமே ஆடியோ சிக்னல் பிராசசிங்; தமிழில் ஒலிக் குறிகைச் செயலாக்கம் என்கிறார்கள். ஃபோனில் பேசுகிறவருக்குப் பின்னால் ஓடும் மின்விசிறியின் சத்தம் அடங்குவது, பாட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுப்பது, சின்ன அறையில் பதிந்த குரல் பெரிய மண்டபத்தில் பாடியதுபோல ஒலிப்பது, காது கேட்கும் கருவி பேச்சை மட்டும் உயர்த்திக் காட்டுவது எல்லாம் இந்தப் படிப்பின் எல்லைக்குள் வரும்.

வேலைக்குப் போய்ப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆனபிறகு இதைப் படிக்கப் பல்கலைக்கழகம் திரும்புகிறவர்கள் உண்டு. ஸ்டூடியோவில் மிக்ஸிங் செய்தவர், தான் திருகும் குமிழுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வருகிறார். வங்கிகளுக்கு மென்பொருள் எழுதியவர், சின்ன வயதில் கற்ற வயலினையும் பிழைப்பையும் ஓரிடத்தில் சேர்க்கப் பார்க்கிறார். மின்னணுவியல் படித்தபோது 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' தாளைச் சூத்திரங்களை மனப்பாடம் செய்து தேறியவரும் வருவார். ஒரு ஒலியைக்கூடக் காதால் கேட்காமலே அந்தத் தாளை அவர் எழுதி முடித்திருப்பார் என்பதுதான் வேடிக்கை. எல்லோருக்கும் இருக்கும் பயம் கணிதத்தின் மேல். அந்தப் பயத்தில் பாதி நியாயம். இங்கே வேண்டிய கணிதத்துக்கு ஆழம் உண்டு, அகலம் அவ்வளவு இல்லை. நேரத்தை உண்மையில் விழுங்குவது வேறு: காது ஏற்கெனவே அறிந்ததையும் தாளில் இருக்கும் சமன்பாட்டையும் ஒன்றோடொன்று பொருத்துவது.

முக்கோணவியல், கலப்பு எண்கள், அணிகள், கொஞ்சம் நிகழ்தகவு ஆகியவை கையில் இருந்தால் தொடக்கப் பாடங்களைத் தாண்டிவிடலாம். இவற்றில் முதுகெலும்பு கலப்பு எண்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அவற்றைப் படித்த பலருக்கும், மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கடைசிவரை தெரிந்திருக்காது. இங்கே அதற்கு வேலை இருக்கிறது. ஒரு சைன் அலைக்கு அதிர்வெண் போக இரண்டு விவரங்கள் வேண்டும்: எவ்வளவு உரக்க ஒலிக்கிறது, எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது. ஒரே கலப்பு எண் இரண்டையும் தாங்கும். அதன் நீளம் உரப்பு, கோணம் கட்டம். ஒலியைத் தாமதப்படுத்துவது அந்தக் கோணத்தைத் திருப்புவதே. ஒரே டிரம்மை வெவ்வேறு தூரத்தில் இருக்கும் இரண்டு மைக்குகள் பிடிக்கும்போது சில நேரம் அடிநாதம் காணாமல் போகும். சவுண்ட் இன்ஜினியர் 'ஃபேஸ் அடிக்குது' என்று சொல்லி மைக்கை நகர்த்துவார். கணக்கில் இது எதிரெதிர்த் திசையில் உள்ள இரண்டு அம்புகளைக் கூட்டுவது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அரை அலைநீளம் சுமார் 1.7 மீட்டர் என்று தெரிந்தவருக்கு மைக்கை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதும் தெரியும்.

முதல் பெரிய பாடம் சாம்ப்ளிங். ஒரு அலையில் இருக்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் வேகமாக மாதிரி எடுத்தால் அலை முழுவதையும் மீட்டுவிடலாம் என்பது இதன் தேற்றம். ஹாரி நைக்விஸ்ட் 1928இல் தந்தித் தொடர்பு பற்றி எழுதிய கட்டுரையில் இதற்கு வித்து இருக்கிறது. சோவியத் நாட்டில் கோட்டெல்நிகோவ் 1933இலும் அமெரிக்காவில் கிளாட் ஷானன் 1949இலும் இதை முழு வடிவத்தில் எழுதினார்கள். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆகவே 40,000க்கு மேல் ஏதாவது ஒரு எண் போதும். அது ஏன் 44,100 ஆனது? ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிவு செய்தார்கள். செகண்டுக்கு 60 புலங்கள், புலத்துக்கு 245 கோடுகள், கோட்டுக்கு 3 மாதிரிகள் என்று பெருக்கினால் 44,100. ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் 50, 294, 3 என்று பெருக்கினாலும் அதே எண்தான் வரும். இரண்டு உலகத்துக்கும் பொருந்திய எண் என்பதால் 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டிலும் அது உட்கார்ந்துகொண்டது. மரபான தொலைபேசிக்கு இந்த ஆடம்பரம் கிடையாது. அங்கே செகண்டுக்கு 8,000 மாதிரிகள். 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டிவிடுவார்கள். 'ஸ'வின் சீறல் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலே இருப்பதால், மறுமுனையில் இருப்பவருக்கு அது 'எஸ்'ஸா 'எஃப்'பா என்று தெரியாமல் போகிறது.

தேற்றத்தை மீறினால் என்ன ஆகும் என்பதைத்தான் திரும்பி வந்த மாணவர் சட்டென்று பிடித்துக்கொள்வார். 44,100 மாதிரி வேகத்தில் 26,000 ஹெர்ட்ஸ் ஒலியை உள்ளே விட்டால் அது 18,100 ஹெர்ட்ஸாக வேடம் போட்டு வெளியே வரும். இதற்கு அலியாசிங் என்று பெயர். ஒலி மைக்கிலிருந்து வரும்போது நுழைவாயிலில் ஒரு வடிப்பானை வைத்துத் தடுத்துவிடலாம். ஆனால் டிஸ்டார்ஷன் பிளக்-இன் ஒன்று கணினிக்குள்ளேயே புதிய அதிர்வெண்களைப் பிறப்பித்தால் எந்த வாயிலில் தடுப்பது? 5,000 ஹெர்ட்ஸ் சுரத்தை நசுக்கினால் 15,000, 25,000, 35,000 என்று ஒற்றைப்படை மடங்குகள் பிறக்கும். கடைசி இரண்டும் மடங்கி 19,100ஆகவும் 9,100ஆகவும் வந்து நிற்கும். 9,100க்கும் மூலச் சுரத்துக்கும் எந்த உறவும் கிடையாது. காது அதை அபசுரமாகவே கேட்கும். மலிவான பிளக்-இன்னில் உச்சஸ்தாயி ஏதோ கரகரப்பாக இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் முணுமுணுத்தவருக்கு அந்தக் கரகரப்பின் முகவரி இங்கே கிடைக்கிறது. மாதிரி வேகத்தைத் தற்காலிகமாக நான்கு அல்லது எட்டு மடங்கு உயர்த்தி, நசுக்கி, வடிகட்டி, பழையபடி இறக்குவதுதான் வழக்கமான மருந்து.

அடுத்து ஃபூரியர். எந்த அலையையும் சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்ற கருத்தை ஜோசஃப் ஃபூரியர் வெப்பம் பரவும் கணக்குக்காக 1807இல் பாரிஸில் முன்வைத்தார். 1822இல் அது நூலாக வந்தது. அதைக் கணினியில் விரைவாகச் செய்யும் வழியை ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் 1965இல் வெளியிட்டார்கள். அதே தந்திரம் கணிதமேதை காஸின் 1805ஆம் ஆண்டுக் குறிப்புகளில் கிடந்தது என்பது பிறகுதான் கவனத்துக்கு வந்தது. 2,048 மாதிரிகளுக்கு நேர்வழியில் ஏறக்குறைய 42 லட்சம் பெருக்கல்கள் தேவை. கூலி-டூக்கி வழியில் அது இருபதாயிரத்துச் சொச்சம் என்ற அளவுக்கு இறங்கிவிடும். இன்று கைப்பேசியில் ஓடும் சுருதி மானி, சமன்படுத்தியின் மேல் துள்ளும் பட்டைகள், பாட்டின் பெயரைக் கண்டுபிடிக்கும் செயலி எல்லாம் இந்தச் சேமிப்பை நம்பி இருப்பவை.

இந்தப் பாடத்தின் நிஜமான சிக்கல் சூத்திரத்தில் இல்லை. எவ்வளவு நேரத் துண்டை வெட்டி எடுத்து ஆராய்வது என்பதில் இருக்கிறது. கர்நாடக இசையை வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று புரியும். ஒரு கட்டை சுருதியில், ஆண்குரலின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். சுத்த ரிஷபம் சுமார் 139.5. இடைவெளி ஒன்பது ஹெர்ட்ஸ்கூட இல்லை. இரண்டையும் தனித்தனிக் கோடுகளாகப் பார்க்கக் குறைந்தது 115 மில்லிசெகண்ட் நீளத் துண்டு வேண்டும். நடைமுறையில் ஓரங்களை மழுக்கிய சன்னல்களைப் பயன்படுத்துவதால் அதைப்போலச் சில மடங்கு. ஆனால் கமகம் செகண்டுக்கு நாலைந்து முறை ஆடக்கூடியது. அரை செகண்ட் துண்டுக்குள் சுரம் இரண்டு முறை மேலே போய்க் கீழே வந்திருக்கும். படத்தில் வெறும் மேகம் தெரியும். துண்டைச் சிறிதாக்கினால் அசைவு தெரியும், சுரஸ்தானம் கலங்கும். நேரத்திலும் அதிர்வெண்ணிலும் ஒருசேரக் கூர்மை கிடைக்காது என்பதை டென்னிஸ் கபோர் 1946இல் கணிதமாக எழுதிவைத்தார். ஹோலோகிராஃபிக்காகப் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவரும் இவரே.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற வேறு கேள்வி கேட்க வேண்டும். ஒரே குரல் மட்டும் ஒலிக்கிறது என்று தெரிந்தால் எல்லா அதிர்வெண்களையும் பார்க்கத் தேவையில்லை. அலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தன்னைத் தானே திருப்பிச் சொல்கிறது என்று பார்த்தால் போதும். 2002இல் டி ஷெவெய்ன்யேவும் கவஹாராவும் வெளியிட்ட 'யின்' என்ற முறை இதைச் செய்கிறது. அலையைச் சற்று நகர்த்தி அதிலிருந்தே கழித்து, எச்சம் எங்கே மிகக் குறைவாக இருக்கிறது என்று தேடும். தனிக்குரலுக்கு இது அருமை. கச்சேரிப் பதிவில் தம்புராவும் நிழல்போல் தொடரும் வயலினும் சேர்ந்தவுடன் தடுமாறும். பாடகருக்குப் பாடகர் சுருதி மாறும் என்பதால், முதலில் ஷட்ஜம் எது என்று கண்டுபிடிப்பதே தனி ஆராய்ச்சி. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011 முதல் 2017 வரை நடந்த 'காம்ப்மியூசிக்' திட்டம் இப்படிப்பட்ட கேள்விகளைக் கையில் எடுத்தது. கர்நாடகம், இந்துஸ்தானி, துருக்கிய மகாம், பீஜிங் ஓபரா, அரபு-அந்தலூசிய இசை என ஐந்து மரபுகள். சென்னை ஐஐடி அதில் பங்காளி. பியானோவின் பன்னிரண்டு கட்டைகளை மனதில் வைத்து எழுதிய மென்பொருள் தோடி ராகத்திடம் தோற்பதைக் கண்ணெதிரே பார்ப்பது, எந்தப் பாடப்புத்தகத்தையும்விட நன்றாகப் பாடம் நடத்தும்.

வடிப்பான் பாடத்தில் நேர்மாறான அனுபவம். ஈக்யூ குமிழைத் திருகியே பழகியவர், அதற்குள் இருப்பது ஐந்தே எண்கள் என்று கேட்டால் நம்ப மறுப்பார். இப்போதைய மாதிரி, அதற்கு முந்தைய இரண்டு, ஏற்கெனவே வெளியே அனுப்பிய இரண்டு. ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் பெருக்கிக் கூட்டினால் ஒரு ஈக்யூ பட்டை தயார். இதை பைக்வாட் என்பார்கள். அதிர்வெண், உயரம், அகலம் என்ற மூன்று குமிழ்களிலிருந்து அந்த ஐந்து எண்களுக்குப் போகும் சூத்திரங்களை ராபர்ட் பிரிஸ்டோ-ஜான்சன் ஒரு சிறு குறிப்பில் தொகுத்துத் தந்தார். இந்தத் தொழிலில் அதைத் தொடாதவர் அபூர்வம். சூத்திரத்தைப் பார்த்து எழுதுவது ஒரு மாலை வேலை. அது ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்க இசட் உருமாற்றமும், துருவங்கள் அலகு வட்டத்தைத் தாண்டினால் வெளியீடு ஏன் கட்டுமீறி வளர்கிறது என்பதும் வேண்டும். அதற்கு ஒரு பருவம் முழுக்க ஆகும்.

காது முதலில் போய்க் கணிதம் பின்னால் வந்த கதைகளில் ஜான் சவுனிங்கின் கதை முக்கியமானது. அவர் பொறியாளர் அல்ல. தாளவாத்தியக்காரர், பாரிஸில் நாதியா பூலான்ஷேயிடம் இசையமைப்புப் பயின்றவர். பெல் ஆய்வகத்தின் மேக்ஸ் மேத்யூஸ், கணினியை இசைக்கருவியாக்குவது பற்றி 1963இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, ஸ்டான்ஃபோர்டில் மாணவராக இருக்கும்போதே நிரல் எழுதக் கற்றார். 1964இல் மேத்யூஸை நேரில் பார்த்து, அவருடைய நிரலைத் துளை அட்டைகளாகப் பெட்டியில் வாங்கிவந்தார். 1967இல், ஒரு சுரத்துக்குக் கொடுத்த அதிர்வை வேகமாகவும் ஆழமாகவும் ஆக்கிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்துக்குமேல் அது அதிர்வாகக் கேட்காமல் புதிய நாதமாகவே மாறுவதைக் கவனித்தார். அதுதான் எஃப்எம் ஒலியாக்கம். எந்தப் பக்க அதிர்வெண் எவ்வளவு உரக்க வரும் என்பதைப் பெஸ்ஸல் சார்புகள் சொல்கின்றன. 1973இல் வந்த கட்டுரையில் அந்தக் கணிதம் ஒழுங்காக எழுதப்பட்டது. யமஹா நிறுவனம் உரிமம் வாங்கி 1983இல் டிஎக்ஸ்7 கீபோர்டைக் கொண்டுவந்தது.

இதைச் சொல்லிக் காதே போதும் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகவே ஒலியுணர்வியல் பாடம் இருக்கிறது. இரண்டு பதிவுகளில் ஒன்று அரை டெசிபெல் உரக்க இருந்தால், உரக்க இருப்பதாகத் தோன்றாது. 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றும். ஆகவே ஒப்பிடும் முன் உரப்பைச் சமப்படுத்த வேண்டும். எது எது என்று கேட்பவருக்கும் கேட்க வைப்பவருக்கும் தெரியக் கூடாது. பல ஆண்டு ஸ்டூடியோ அனுபவம் உள்ளவர் இந்தச் சோதனையில் தன் பெருமைகளில் சிலவற்றை இழப்பது வழக்கம். எம்பி3 முழுக்க இந்த அறிவின் மேல் கட்டப்பட்டது. உரத்த சுரம் ஒன்று பக்கத்துச் சுரத்தை மறைக்கும். மறைந்ததைச் சேமிக்க வேண்டாம். செகண்டுக்கு 1,411 கிலோபிட் ஆன ஓடையை 128ஆகச் சுருக்க முடிந்தது அதனால்தான். எர்லாங்கனில் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தின் கார்ல்ஹைன்ட்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் சோதனைக்கு எடுத்துக்கொண்டவற்றில் சூசன் வேகா துணைவாத்தியம் இல்லாமல் பாடிய 'டாம்ஸ் டைனர்' ஒன்று. வாத்தியக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும் பிழைகள் தனிக்குரலில் ஒளிய முடியாது.

நிரல் எழுதுவதில் மென்பொருள்காரருக்கு முதலில் கை ஓங்கியிருக்கும். ஆராய்ச்சிக்குப் பைத்தான் அல்லது மேட்லேப், உடனுக்குடன் ஒலிக்க வேண்டியதற்குச் சி++. அங்கேதான் பழைய பழக்கம் காலை வாரும். 48,000 மாதிரி வேகத்தில் 128 மாதிரி பஃபர் என்றால் எல்லாக் கணக்கையும் 2.7 மில்லிசெகண்டுக்குள் முடித்தாக வேண்டும். சராசரியாக முடித்தால் போதாது, ஒவ்வொரு முறையும் முடிக்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் 'டிக்' என்று கேட்கும். அதனால் ஒலி ஓடும் இழையில் நினைவகம் ஒதுக்கக் கூடாது, கோப்பைத் திறக்கக் கூடாது, இன்னொரு இழையின் பூட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. இணையதளம் கட்டிப் பழகியவருக்கு இதெல்லாம் வேறு உலகம்.

2016இல் டீப்மைண்டின் 'வேவ்நெட்' பேச்சை மாதிரிக்கு மாதிரி நேரடியாக உருவாக்கிக் காட்டியபின், பழைய கணிதத்துக்கு இனி வேலை உண்டா என்ற கேள்வி வகுப்புகளில் சகஜமாகிவிட்டது. உண்டு என்பதே நேர்மையான பதில். நரம்பு வலைக்கு ஊட்டும் நிறமாலைப் படம் ஃபூரியர் பாடத்தின் விளைச்சல். அதன் வெளியீட்டில் வரும் கரகரப்பு பல நேரம் அலியாசிங். 2020இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'டிடிஎஸ்பி' வடிப்பானையும் சைன் அலைகளையும் வலைக்குள்ளேயே வைத்து, குறைந்த தரவில் நல்ல ஒலி பெற்றது. என்றாலும் நிகழ்தகவையும் அணிகளையும் முன்புபோல மேலோட்டமாக விட்டுவிட முடியாது என்பதும் உண்மை.

எங்கே படிப்பது? பார்சிலோனாவிலும் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்திலும் ஒலி, இசைக் கணிமைக்கென்றே ஓராண்டு முதுகலைப் படிப்புகள் இருந்துவருகின்றன. ஸ்டான்ஃபோர்டில் சவுனிங் முதலானோர் 1975இல் தொடங்கிய மையமும் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக ஒலியியல் ஆய்வகமும் ஆராய்ச்சிக்குப் பேர்பெற்றவை. இந்தியாவில் பெரும்பாலும் மின்பொறியியல் அல்லது கணினித் துறையின் கதவு வழியாகத்தான் நுழைய வேண்டும். சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியும் மும்பை ஐஐடியில் பிரீதி ராவும் பேச்சு, இசை ஆய்வை நெடுங்காலம் வளர்த்தவர்கள். முதுகலையில் சேர எழுதும் கேட் தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது. அதில் பெறும் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். விண்ணப்பிக்கும் முன் தன்னைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர் ஸ்டான்ஃபோர்டின் ஜூலியஸ் ஸ்மித் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் நான்கு புத்தகங்களில் முதலாவதை எடுத்துக்கொள்ளலாம். தனித்த ஃபூரியர் உருமாற்றத்தின் கணிதத்தை அது கலப்பு எண்ணிலிருந்தே தொடங்குகிறது. அதைப் பயிற்சிகளோடு முடிக்கிறவருக்கு முதல் பருவம் மிரட்டலாக இருக்காது. முடிக்காமல் போகிறவர் முதல் மாதமே இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கும், பாடமும் துரு நீக்குவதும்.

கடைசியில் வருவது ஆய்வேடு. திரும்பி வந்தவர்களின் பழைய தொழில் இங்கேதான் பயன் தரும், ஏனென்றால் கேள்வி அவர்கள் கையிலேயே இருக்கும். மிருதங்கத்தை எடுத்துக்கொண்டால், சாதாரணத் தோல் பறையின் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒழுங்கான மடங்குகளில் இருப்பதில்லை. வலந்தலையில் பூசிய கருஞ்சாந்து அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று சி.வி. ராமன் 1920இலேயே 'நேச்சர்' இதழில் எழுதினார். அதனால்தான் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்க முடிகிறது. ஒலியைக் கேட்டு இது தீம், இது நம், இது சாப்பு என்று கணினி பிரித்தறிவது முதுகலை ஆய்வுக்கு ஏற்ற அளவுள்ள வேலை. இரு தலைக்கும் தனித்தனி மைக் வைத்துப் பதிய வேண்டும், வித்வானிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், ஒவ்வொரு சொல்லும் எந்த மில்லிசெகண்டில் விழுகிறது என்று கையால் குறிக்க வேண்டும். ஸ்டூடியோவில் இருந்து வந்தவருக்கு முதல் இரண்டும் தண்ணீர்பட்ட பாடு. மூன்றாவதற்குத்தான் வாரக்கணக்கில் உட்கார வேண்டும். பதிவுகளைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிப்பதில் தனிக் கவனம் வேண்டும். ஒரே மிருதங்கத்தின் பதிவுகள் இரண்டு பக்கமும் இருந்துவிட்டால், கணினி சொற்களைக் கற்காமல் அந்த வாத்தியத்தின் நாதத்தையே கற்றுக்கொண்டு அபார மதிப்பெண் காட்டும். ஆகவே சோதனைக்கு வைக்கும் மிருதங்கமும் வாசிப்பவரும் பயிற்சிக் குவியலில் ஒரு அடிகூட அடித்திருக்கக் கூடாது.